அக்காவின் இன்சூரன்ஸ் கார்டு

நானும் அக்காவும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் இருந்தோம். எங்கள் வீட்டுக்காரர்கள் இரண்டு பேருக்கும் கும்மிடிப்பூண்டி பக்கத்து இரும்பு ஆலையில்தான் வேலை. அக்கா வீட்டுக்காரர் பர்மனென்ட், என் வீட்டுக்காரர் காண்ட்ராக்ட். முதலில் அந்த வித்தியாசம் சம்பளத்தன்று மட்டும்தான் உறைத்தது. காய்ச்சல் வந்தால் எல்லோருமே ஆலை வாசலில் இருந்த கம்பவுண்டரிடம் ஒரே சிவப்பு மிக்ஸ்சரைத்தான் வாங்கிக் குடித்தோம்.

எழுபதுகள் பிறந்த சமயம், முதலாளி அந்தக் கம்பவுண்டரை அனுப்பிவிட்டு, பட்டணத்துத் தனியார் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பணம் கட்டினார். பர்மனென்ட் ஆட்களின் குடும்பத்துக்கு மட்டும் கார்டு. அவர்கள் நர்சிங் ஹோமில் படுத்து வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம், பில் அவர்கள் தலையில் விழாது. அக்கா அந்தக் கார்டைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். விளக்கேற்றப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கூடப் பிறந்தவள்தானே, அவளுக்கு மட்டும் என்ன அப்படி உசத்தி?

எங்கள் இருவருக்குமே அப்போது பெரும்பாடு. மாதத்தில் பாதி நாள் உதிரம் நிற்காது. அக்காவுக்கு ஒரு பெண் இருந்தாள். அடுத்தது பையனாக வேண்டுமென்று கோயில் கோயிலாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு இன்னும் ஒன்றும் தங்கவில்லை.

அவள் கார்டோடு நர்சிங் ஹோமுக்குப் போனாள். நான் தர்மாஸ்பத்திரி வரிசையில் நின்றேன். லேடி டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்து, "ஒடம்புல ரத்தமே இல்லியேம்மா. மாத்திரை தரேன், விடாம சாப்பிடு" என்று அனுப்பிவிட்டார்.

அக்காவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனேன். தலைக்கு மேல் மின்விசிறி, கூப்பிட்டால் ஓடிவர நர்ஸ்.

"ஆபரேசன் பண்ணப் போறாங்களாம்டி. எல்லாம் இன்சூரன்ஸே கட்டுதாம்" என்றாள்.

"உனுக்கு இன்னாக்கா, ராணி மாதிரி படுத்துக்கினு கீற" என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் ஆத்திரம். எனக்கு வெறும் மாத்திரை, அவளுக்கு ஆபரேஷனா?

என்ன ஆபரேஷன் என்று அக்கா கேட்டுக்கொள்ளவில்லை. டாக்டர் சொன்னால் சரிதான் என்று இருந்துவிட்டாள். கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது, இனிமேல் தொல்லையே இல்லை என்று தையல் பிரித்தபோதுதான் நர்ஸ் சொன்னாள். மாத்திரை கொடுத்து அனுப்பினால் நர்சிங் ஹோமுக்கு இன்சூரன்ஸ் பணம் வராது, அறுத்தால்தான் வரும் என்பது எங்களுக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

எனக்கு மாத்திரையிலேயே நின்றது. மறுவருஷம் உண்டானேன். வளைகாப்புக்கு அக்காதான் முதல் வளையல் போட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனுக்கு கார்டு தரல இல்ல?" என்றாள். "குடுத்து வெச்சவடி நீ."