மேடையில் வைத்து ஒப்படைத்தாள்

அக்கா தன் தம்பியை நடு மேடையில் போட்டுவிட்டு ஓடிவிட்டாள் என்றுதான் எனக்கு முதலில் செய்தி வந்தது. சொன்னவள் அத்தை. அவளும் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. போன யாரோ ஒருவரின் மைத்துனி சொல்லக் கேட்டவள்.

"மூட்டையை இறக்குற மாதிரி இறக்கிட்டாளாம்டி! அத்தனை பேர் பார்க்க!"

கடல் கடந்து உட்கார்ந்திருப்பவளுக்கு இது போதாதா? வேலையை அப்படியே விட்டுவிட்டு, மாடிப்படி ஓரமாக நின்று அக்காவுக்குப் போன் போட்டேன்.

எடுத்தவள் முதலில் சிரித்தாள். "ஆஸ்பத்திரியில இருக்கேன். தோள்பட்டை ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிடுச்சு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொன்னா நீ பயத்துலயே அண்ணனுக்குப் போன் பண்ணி உளறியிருப்பே."

அக்கா என் பெரியம்மா மகள். பெரியம்மா போனதிலிருந்து தம்பி அவள் பொறுப்பு. நாற்பதை நெருங்கும் ஆள், அவளைவிட உயரம். பிறவியிலிருந்தே கைகால் அவன் பேச்சைக் கேட்பதில்லை. நாக்கு கேட்கும், குழறிக் குழறி. அந்தக் குழறலை வைத்துக்கொண்டே வீட்டை ஆண்டதால் எங்களுக்கெல்லாம் அவன் மந்திரி. அவன் கட்டிலை ஒட்டித்தான் அக்காவின் தையல் மெஷின். பேண்ட்டைக் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது என்று தெருவே அவளிடம் வரும். "மெஷினை நிறுத்து, நியூஸ் கேட்கணும்" என்று உள்ளிருந்து உத்தரவு வரும்.

அவனைத் தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. தன் முழங்காலால் அவன் முழங்காலை அணைத்து, அவன் தாடையைத் தன் தோளில் சாய்த்து, "எழும்பு" என்று சொல்லி ஒரு சுற்று சுற்ற வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, மறுபடி நாற்காலிக்கு. வருஷக்கணக்கில் சுற்றிச் சுற்றி வலது தோளில் தசைநார் கிழிந்துவிட்டது. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் கை மேலே தூக்கவே வராது என்றார் டாக்டர். முடிந்த பிறகு ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது. மந்திரியை யார் பார்ப்பது?

அக்காவுக்கும் மந்திரிக்கும் மூத்தவர், அண்ணன் இருக்கிறாரே. வங்கி மேலாளர், அதைவிட முக்கியமாக, பராமரிப்போர் ஆதரவுச் சங்கத்தின் தலைவர். படுத்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு யார் தோள் கொடுப்பது என்று மேடையில் அவர் கேட்டால் முன்வரிசை கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அக்கா கேட்டபோது மட்டும், "உன்னை மாதிரி எங்களால முடியுமாம்மா? நீ தெய்வப் பிறவி" என்றார். புகழ்ச்சியாலேயே ஆளைக் கட்டிலோடு கட்டிப்போடும் வித்தை அவருக்குக் கைவந்தது. "அவன் பேசறதே எனக்குப் புரியாதே" என்று அண்ணி ஒதுங்கிக்கொண்டாள். ஆபரேஷன் தேதி இரண்டு முறை தள்ளிப்போனது.

அந்தச் சங்கத்தில் ஒரு விசேஷம். கூட்டம் நடப்பது மாடியில்; லிஃப்ட் கிடையாது. நோயாளிகளை அழைத்து வர வேண்டாம், அவர்களுக்குச் சிரமம் என்பார்கள். ஆகவே மாற்று ஆள் இல்லாதவர்களுக்காக நடக்கும் கூட்டத்துக்கு, மாற்று ஆள் உள்ளவர்கள்தான் வர முடியும். இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.

இந்த வருஷம் சிறந்த பராமரிப்பாளர் கேடயம் அக்காவுக்கு. "அவனைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு அரை மணி நேரம் வந்துட்டுப் போம்மா" என்றார் அண்ணன்.

"'சரிண்ணா'ன்னு சொல்லிட்டேன்," என்றாள் அக்கா. "போனை வச்சதும் மந்திரி என்ன சொன்னான் தெரியுமா? 'நானும் வர்றேன், பையைக் கட்டு'ன்னான். பாதி யோசனை அவனோடதுதான்."

கீழே இரும்புக்கடையில் மூட்டை தூக்குபவர்கள் சக்கர நாற்காலியோடு அவனை மாடியேற்றினார்கள். கூடவே துணிப்பை, மருந்துப்பை. தலைவர் முகம் அங்கேயே வெளுத்ததாம். கேடயத்தை வாங்கிக்கொண்டு அக்கா மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் ஒரு நல்ல செய்தி. நாளைக்கு எனக்கு ஆபரேஷன். தம்பியை யார் பார்ப்பாங்கன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன். தலைவர் இருக்கறப்ப எனக்கென்ன கவலை? ஆறு வாரம் அண்ணன் தன் வீட்டுலயே வச்சுப் பார்த்துக்கப் போறாரு!"

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. மந்திரி ஏதோ கத்தினான். "ஏசி ரூம்தான் வேணுமாம்" என்று அக்கா மொழிபெயர்த்தாள். சிரிப்பு. தலைவரும் சிரித்தாக வேண்டியிருந்தது.

"தூக்குற விதத்தை எல்லாருக்கும் முன்னாடியே காட்டிடறேன், வாங்கண்ணா. கோட்டைக் கழட்டிடுங்க."

கேட்கக் கேட்க எனக்கு இனித்தது. அண்ணனைப் பாவம் என்று ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. ஆனாலும் பயம் விடுமா? "மந்திரிக்கு ஒண்ணும் ஆகாதே, அக்கா?"

"காலையிலதான் வீடியோவுல பேசினான். நல்லாத் தின்னு தெம்பா இருக்கான். அண்ணிக்கு அவன் பேச்சு ரெண்டே நாள்ல புரிஞ்சிடுச்சாம். அண்ணன்தான் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே நடக்கிறாராம்."

பேச்சின் நடுவே பீப் பீப் என்று இன்னொரு அழைப்பு குறுக்கிட்டது.

"அண்ணனா?"

"வேற யாரு? விடிஞ்சதுலேர்ந்து விடலை."

"எடுத்துடேன் அக்கா. ஏதாவது அவசரமா இருந்தா?"

"அவசரம்னா அண்ணி மெசேஜ் போடுவா. அவ விவரமானவ. இவருக்கு வேண்டியது 'எப்போம்மா வருவே?' அவ்வளவுதான். நானும் எத்தனை தடவை கேட்டேன், 'எப்போண்ணா பார்த்துப்பீங்க'ன்னு? 'பார்க்கலாம்மா'ன்னாரு. நானும் பார்க்கலாம்னுதான் இருக்கேன்."

பீப் நின்றது. மூச்சு விடுவதற்குள் மறுபடி ஆரம்பித்தது.

"நீ மீதியைக் கேளு," என்றாள் அக்கா, குரலில் அத்தனை குளிர்ச்சி. "முதல் தடவை அண்ணன் தூக்கினப்ப இந்தப் படுபாவி வேணும்னே உடம்பைக் கனமாக்கிக்கிட்டான். ரெண்டு பேரும் அப்படியே நாற்காலியில சரிஞ்சாங்க. நான் மைக்கிலயே சொன்னேன், 'தலைவரே, வாயில இருக்குற பலத்தைக் கொஞ்சம் முழங்காலுக்கு இறக்குங்க'ன்னு. ரெண்டாவது தடவை..."

பீப். பீப்.