கருப்பசாமி மாமாவின் கைச்சாடை

போன செவ்வாய்க்கிழமை காலையில் இராஜபாளையத்திலிருந்து முத்துலட்சுமி பேசினாள். "அப்பா நேத்து சாயங்காலம் போயிட்டாவ, ஜெயா" என்றாள். 

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊர்களிலும் வாலிபால் ஆடிய பெண்கள் யாரும் கருப்பசாமி மாமாவை மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் அவரை ஒருமுறை மைதானத்தைவிட்டே வெளியே அனுப்ப வைத்தவள் நான்தான் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

மாமா இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். முத்துலட்சுமி அவருக்கு ஒரே மகள். அவள் ஆடும் ஆட்டம் எதையும் அவர் விட்டதில்லை. ஷிப்ட் முடிந்து பஞ்சுத் தூசி ஒட்டிய தலையோடு நேராக வந்து கோட்டுக்குப் பின்னால் நிற்பார். கத்த மாட்டார், கைதட்டக்கூட மாட்டார். பக்கத்தில் நிற்பது யாராக இருந்தாலும், "அந்த நாலாம் நம்பரு எம் மக" என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் பள்ளி வாட்ச்மேனிடம் ஒரே ஆட்டத்தில் மூன்று முறை சொல்லியிருக்கிறார். மூன்றாவது முறை வாட்ச்மேனே, "தெரியும்யா, நாலாம் நம்பரு" என்று முந்திக்கொண்டார்.

முத்துலட்சுமி சர்வீஸ் போடுமுன் அவரைத் திரும்பிப் பார்ப்பாள். மாமா இரண்டு விரலால் தன் கண்ணைத் தொட்டு, நெஞ்சில் கை வைத்து, பிறகு உள்ளங்கையை முன்னால் தள்ளிக் காட்டுவார். அவ்வளவுதான், பந்து எங்களில் ஒருத்தியும் இல்லாத இடமாகப் பார்த்து விழும். ஸ்ரீவில்லிபுத்தூர் அணிக்கு நான் தலைவி. மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் மனிதர் எங்கள் ஓட்டைகளை மகளுக்குக் காட்டிக்கொடுக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

மாவட்ட அணிக்குத் தேர்வு நடந்த வருடம் மாமாவின் மில் கதவடைப்பில் கிடந்தது. ஐந்து மாதமாக அவர் கிடைத்த கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அத்தை பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்குப் போனார். முத்துலட்சுமியின் படிப்பை நிறுத்தி அவளையும் தறிக்கு அனுப்பச் சொல்லி உறவுக்காரர்கள் நச்சரித்தார்கள். மாவட்ட அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்கலாம், கிடைக்காவிட்டால் தறி என்று வீட்டில் பேச்சாகியிருந்தது. இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது.

தேர்வு ஆட்டம் எங்கள் ஊரில் நடந்தது. கடைசி செட்டில் இரண்டு அணியும் சமமாக நின்றபோது நான் நடுவரிடம் போய், வெளியிலிருந்து சாடை காட்டுகிறார் என்று புகார் சொன்னேன். நடுவர் மாமாவை வெளியே போகச் சொன்னார். அவர் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நடந்துபோய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றார். முத்துலட்சுமியின் அடுத்த இரண்டு சர்வீஸும் நெட்டில் விழுந்தன. நாங்கள் ஜெயித்தோம். நான் துள்ளிக் குதித்தேன்.

தண்ணீர்க் குழாயடியில் முத்துலட்சுமியிடமே அந்தச் சாடைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். மில்லுக்குள் மெஷின் சத்தத்தில் பேச்சுக் கேட்காது, எல்லாம் கைப்பேச்சுதான் என்றாள். ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனால் பக்கத்து மெஷின்காரர் காட்டுகிற சாடையாம் அது.

"ஒம் மெஷின நான் பாத்துக்கிடுதேன், நீ போயிட்டு வான்னு அர்த்தம். வீட்ட நான் பாத்துக்கிடுதேன், நீ ஆடுன்னு எனக்குச் சொல்லுதாவ."

பிறகுதான் கதவடைப்பு, தறி, விடுதி எல்லாவற்றையும் சொன்னாள். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தேர்வாளர்களிடம் ஓடி, நான் செய்ததை ஒப்புக்கொண்டேன். ஆட்ட முடிவை மாற்ற முடியாது என்றார்கள். ஆனால் அவளை இன்னும் ஆறு சர்வீஸ் போடச் சொல்லிப் பார்த்தார்கள். ஆறும் நெட்டைத் தாண்டின.

மாமாவிடம் போய், புகார் சொன்னது நான்தான் என்றேன். மில் சத்தத்தில் அவர் காது மந்தமாகியிருந்தது. அதனால் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது, மைதானம் முழுக்கக் கேட்டது. அவர் கோபப்படவில்லை. "ஆடுத பிள்ளைக்கு நாலு பக்கமும் கண்ணு இருக்கணும்லா. அதுல என்ன தப்பு?" என்றார்.

தேர்வானவர்கள் பட்டியலை வாசித்தபோது அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் முகங்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். முத்துலட்சுமி தோழிகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டதால் நான் ஓடிப்போய் அவர் காதில், அவள் பெயர் இருக்கிறது என்று கத்தினேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஒம் பேரு இருக்காம்மா?" என்று கேட்டார்.

என் அப்பா நல்லவர். ஆனால் கடையைப் போட்டுவிட்டு ஓர் ஆட்டத்துக்கும் வந்ததில்லை. என் பெயர் இருக்கிறதா என்று கேட்க அன்று அங்கே வேறு யாரும் இல்லை. மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்வியைத்தான். இருக்கிறது மாமா என்று நான் சொன்ன பிறகுதான் அவர் சிரித்தார்.