தப்புக் கேக்கும் மூன்றாண்டு வியூகமும்

ரப்பர் கையுறையோடு கையை முழங்கை வரை உப்புநீர்த் தொட்டிக்குள் விட்டு எடுத்து, அந்த ஈரத்தோடேயே புத்தம்புது டேப்லெட்டின் திரையைத் தட்டுகிறார் போடில் கிராகெலுண்ட். திரை அசையவில்லை. இன்னொரு தட்டு. ஊஹூம். கோபன்ஹேகனிலிருந்து அதை விற்க வந்தவரின் முகம் சுருங்குகிறது.

"காஞ்ச கையால தொடுங்க, பிரமாதமா வேலை செய்யும்."

"காஞ்ச கையோட இங்க யாரு இருக்கா? காட்டு, பாக்கலாம்."

விற்க வந்தவர் சுற்றிப் பார்க்கிறார். பாலாடைக்கட்டிக் கூடம் முழுக்க நீலக் கையுறைகள், எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் சொட்டுகிறது. போடில் டேப்லெட்டைத் துடைத்து, பத்திரமாகப் பெட்டியில் போட்டு, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

லெம்விக் ஊருக்கு வெளியே, ஃபியோர்ட் என்னும் கடற்கழியைப் பார்த்தபடி நிற்கும் கூட்டுறவுப் பால் ஆலையில் பயிற்சிப் பிரிவு போடில் அம்மாளின் பொறுப்பு. யாருக்கு எதைக் கற்றுக்கொடுப்பது, அதற்கு எந்தக் கருவியை வாங்குவது, எதை வாங்கவே கூடாது என்று மூன்று வருஷத்துக்கு முன்கூட்டித் திட்டம் போட வேண்டும். காகிதத்தில் அதற்குப் பெயர் தொழில்நுட்ப வியூகம். வியூகம் என்றதும் படை, யானை, குதிரை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். போடிலின் படை மொத்தமே முடியை மூடும் தலைவலை, காதடைப்பான், ஒரு ஜோடி கையுறை. எந்தக் கருவி வந்தாலும் மாடி அலுவலகத்தில் வைத்துத் தொட மாட்டார். நேரே உப்புநீர், நீராவி, குளிர்கிடங்கு. தலையில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் கண்ணாடி ஒன்று வந்தது. மாட்டிவிட்டு, விற்க வந்தவரையே குளிர்கிடங்கிலிருந்து பால் காய்ச்சும் கூடத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார். கண்ணாடியில் ஆவி படிந்துபோய், பாவம் அந்த மனிதர் பாலாடைக்கட்டி அலமாரியில் போய் முட்டிக்கொண்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தப் பாடமும் ஒரு முட்டை வேகும் நேரத்துக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால், யார் பேசிக்கொண்டிருந்தாலும் சரி, "முட்டை வெந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். அமைச்சகத்திலிருந்து வந்த ஒரு பெரிய மனிதருக்கும் இதே மரியாதைதான் கிடைத்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்த மனிதர் சிரித்துவிட்டார்.

இந்த வருஷம் பிப்ரவரியில்தான் கத்தி கழுத்துக்கு வந்தது. வெளி நிறுவனம் ஒன்றிடம் கண்ணாடியும் பாடமுமாக மொத்தமாக வாங்கிவிடலாம், ஆலைக்குள் பயிற்சிப் பிரிவே தேவையில்லை என்று நிதிப் பொறுப்பாளர் எழுதிக் கொடுத்தார். போடிலின் திட்டத்துக்கு வசந்தகாலம் மட்டும் தவணை. ஜூனில் விவசாயிகளின் நிர்வாகக் குழு கூடும்போது பலன் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பிரிவுக்குப் பூட்டு, போடிலுக்கு ஐம்பத்தெட்டு வயதில் வேலை தேடும் படலம்.

அவர் திட்டம் பிறந்தது வெள்ளிக்கிழமைக் கேக்கிலிருந்து. அந்த வாரம் வேலையில் சொதப்பியவர் யாரோ, அவர் கேக் கொண்டுவர வேண்டும். எல்லாரும் காபியோடு சுற்றி உட்கார்ந்து, சொதப்பிய கதையைக் கேட்டுக்கொண்டே தின்பார்கள். வால்வுப் பிரிவு சன்னே ஒருமுறை ஸ்ட்ராபெரிக் குழாயை வெறும் பாலோடு இணைத்துவிட்டாள். தொட்டி முழுக்க ரோஸ். வீணான பாலெல்லாம் பன்றிப் பண்ணைக்குத்தான் போகும். அந்த வாரம் பன்றிகளுக்கு அடித்தது யோகம்! தேங்காய்ப்பூ தூவிய கேக்கோடு சன்னே அந்தக் கதையைச் சொன்னதைக் கேட்டவர்கள் அந்த வால்வை ஜன்மத்துக்கும் மறக்க மாட்டார்கள். ஆனால் விடுமுறையில் இருந்தவர்கள் கேட்கவில்லை. புதிதாக வந்தவர்களும் கேட்கவில்லை. அதே தப்பை அவர்கள் திரும்பச் செய்தார்கள்.

"கதை கேன்டீன்ல இருக்கு. தப்பு வால்வுகிட்ட இருக்கு. கதையத் தூக்கிட்டுப் போய் அங்க வைக்கணும், அவ்வளவுதான்," என்றார் போடில். சொதப்பியவரே தன் கதையை முட்டை வேகும் நேரத்துக்குள் படம் பிடிக்க வேண்டும். அந்தப் படம் அந்த வால்வுக்குப் பக்கத்திலேயே, ஈரக் கைக்கும் அசையும் திரையில், எழுத்தோடு ஓட வேண்டும்.

திரைகள் வந்தன. ஈரத்தில் அசைந்தன, குளிரில் அசைந்தன. மார்ச் முழுக்கப் போனது. ஒரு படம்கூட வரவில்லை. ஈரத்தைச் சோதித்தவர் பயத்தைச் சோதிக்க மறந்துவிட்டார். படம் எடுக்கும் முன் அந்தத் திரை முதலில் கேட்டது ஊழியர் எண்ணை!

"கேக்கத் தின்னா மறந்துரும். படம் மறக்குமா?" என்றாள் சன்னே.

மறுநாளே அந்த எண் கேட்பதை எடுத்துவிட்டார் போடில்.

"நம்பர எடுத்துட்டே, சரி. மூஞ்சிய என்ன பண்ணுவே?" என்றாள் சன்னே, விடாமல்.

போடில் தானே முதல் படத்தை எடுத்து மாட்டினார். பால் காய்ச்சும் கூடத்துப் பாடத்தையெல்லாம் கேட்பொலியாக வாங்கிய கதை. காதடைப்பான் போட்டவர்களுக்கு ஒலிப்பாடம்! எல்லாரும் பார்த்தார்கள், விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த படம் வரவில்லை.

"நீ சொதப்பினா யாருக்கு என்னம்மா? உன்ன யாரும் கணக்குல எடுத்துக்க மாட்டாங்க. மாடியில இருக்கறவங்க சொல்லட்டும், அப்புறம் நான் சொல்றேன்," என்றாள் சன்னே.

சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் காலையில் போடில் மாடியேறி, இயக்குநர் பிரேபனின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தார்.

"பிரேபன், இந்த வெள்ளிக்கிழமை கேக் உன்னுது."

"நான் என்ன பண்ணேன்?"

"லாரி கழுவற கூடம்."

பிரேபனின் முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் கூடத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டியவர் அவர். திறப்பு விழாவன்று முதல் பால் லாரி வந்தபோதுதான் தெரிந்தது, கதவு லாரியைவிட நாலு விரல் குட்டை. அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் சைக்கிள்கள் நிற்கின்றன. பார்க்காதது போல எல்லாரும் நடந்துபோவார்கள்.

"அதப் பத்தி யாரும் பேசறதே இல்லையே."

"உன் முன்னாடி பேசறதில்ல."

"நான் இந்த ஆலைக்கு இயக்குநர், போடில். கோமாளி இல்ல."

"அப்போ சன்னே கோமாளியா? அவ கேக்குல ரெண்டு துண்டு தின்னேல்ல நீ? நீ கீழ வந்து சொல்லலேன்னா இந்தத் திட்டம் செத்துப்போச்சு. கூடவே நானும் போயிருவேன். என்ன வெளிய அனுப்பணும்னா இப்பவே மூஞ்சிக்கு நேரா சொல்லிரு."

பிரேபன் ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கிருந்து பார்த்தால் அந்தக் கதவுதான் தெரியும்.

"கடையில வாங்கிக்கலாமா?"

"கூடாது. நீயே சுடணும்."

வெள்ளிக்கிழமை அவர் கொண்டுவந்த கேக்கின் நடுவில் பெரிய குழி. கேன்டீனில் இடமில்லை, சுவரோரமெல்லாம் ஆட்கள். திரைக்கு முன்னால் நின்று, காது சிவக்க, பிரேபன் ஆரம்பித்தார். "லாரிய நான் அளந்தேன். ஆனா காலி லாரிய அளக்கல. பால் ஏத்தின லாரிய அளந்தேன். காலியானா அது ஒசரும்னு எனக்குத் தோணவே இல்ல. டிரைவர் ஒருத்தரக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. கேக்கல." பிறகு அவர் கட்டுமானம், சிமென்ட், ஒப்பந்தம் என்று நீட்டிக்கொண்டே போனார்.

"பிரேபன், முட்டை வெந்துடுச்சு!" என்று பின்னாலிருந்து போடில் கத்தினார்.

அடேயப்பா, அந்தச் சிரிப்பு! பிரேபனும் சேர்ந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். குழி விழுந்த கேக் நிமிஷத்தில் காலி. காபிக் கோப்பையைக் கீழே வைத்த சன்னே நேரே தன் வால்வுக்குப் போய்த் திரையைத் தட்டினாள். திங்கட்கிழமை பொட்டலம் போடும் பிரிவிலிருந்து ஒன்று, செவ்வாயன்று குளிர்கிடங்கிலிருந்து இரண்டு. அப்புறம் யார் எண்ணினார்கள்?

ஜூனில் நிர்வாகக் குழு வந்தது. நிதிப் பொறுப்பாளர் மாடியில் படக்காட்சியெல்லாம் தயாராக வைத்துக் காத்திருந்தார். போடில் குழுவை மாடிக்கே விடவில்லை. வாசலிலேயே தலைவலையும் கையுறையும் கொடுத்து, உப்புநீரில் கையை முக்கச் சொல்லி, வால்வுக் கூடத்துக்கு அழைத்துப்போனார்.

"ஈரக் கையால தொட்டுப் பாருங்க. அப்புறம் பேசுங்க."

குழுத் தலைவர் ஐனார் மாடு வளர்ப்பவர். உள்ளங்கை ஒவ்வொன்றும் முறம் அளவு. தொட்டார். திரையில் ரோஸ் பால் தொட்டியோடு சன்னே வந்தாள். பார்த்து முடித்து, அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எங்க பாலு எவ்வளவு பன்னிக்குப் போச்சு?"

"ஏப்ரல் கடைசியிலேர்ந்து ஒரு வாளிகூட போகல," என்றார் போடில்.

ஐனார் தொடையைத் தட்டினார். "அட, அதான் விஷயமா! எங்க பக்கத்துப் பன்னிப் பண்ணைக்காரன் ஒரு மாசமா என்கிட்ட புலம்பிட்டிருக்கான். ஆலையில என்னய்யா ஆச்சு, பாலே வர மாட்டேங்குதேன்னு!"

மாடியிலிருந்து இறங்கி வந்த நிதிப் பொறுப்பாளர் வாயைத் திறக்க, ஐனார் ஈரக் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். "எல்லாரும் கையத் தூக்குங்க. போடிலோட திட்டம், முழுசா மூணு வருஷத்துக்கும்." நீலக் கையுறைகள் எல்லாம் மேலே போயின. அவற்றிலிருந்து வழிந்த உப்புநீர் நிதிப் பொறுப்பாளரின் காலணியை நனைத்தது. கடைசியில் அவரும் கையைத் தூக்கினார்.

"எங்க தொழுவத்துக்கும் ஒரு திரை வேணும், போடில். பால் தொட்டியக் குளிர வைக்கற மெஷின அணைச்சுட்டு, எம் பொண்ணு கல்யாணத்துக்குக் கிளம்பிட்டேன் நான். கேக் எங்க வீட்டுல சுடறோம்," என்றார் ஐனார்.

போடில் தலைவலையைக் கழற்றினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். அங்கே நிற்கும் கொடிமரத்தில் ஊழியர் யாருக்காவது பிறந்தநாள் என்றால்தான் கொடி ஏறும். பெட்டியைத் திறந்து, சிவப்பும் வெள்ளையுமான கொடியை எடுத்துக் கயிற்றில் மாட்டினார்.

"இன்னிக்கு யாருக்கும்மா பிறந்தநாள்?" என்று கூடத்து வாசலிலிருந்து சன்னே குரல் கொடுத்தாள்.

ஈரக் கையுறையைக்கூடக் கழற்றாமல், போடில் கொடியை உச்சி வரைக்கும் இழுத்து ஏற்றினார்.