மூடியைத் திறந்தால் ஓடும் வண்டி

செஞ்சியில் எங்கள் வீட்டு வாசலிலேயே பழைய பிக்கப் வண்டியைப் பிரித்துச் சரிசெய்து, டீசல் டேங்க் மூடி வரை இரண்டு கோட் பெயின்ட் அடித்தேன். மனைவியுடன் கிளம்பினால், சிங்கவரம் சாலையில் திடீரென நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் இடிக்காமல் நின்றதே பெரிய விஷயம். டேங்க் மூடியைத் திறந்தேன். டீசல் இருந்தது. மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஓடியது! கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. ஃபில்டர் மாற்றியும் அதே கதை. எனக்குத் தலையே சுற்றியது.

"இன்னாங்க இது, மூடியத் தொறந்து மூடுனாத்தான் கெளம்புது?" என்றாள் மனைவி.

அப்போதுதான் மூடியை உற்றுப் பார்த்தேன். டேங்குக்குள் காற்று போக அதிலிருந்த ஊசித் துளையை என் பெயின்ட்டே அடைத்திருந்தது. மூடியைத் திறந்தபோது மட்டும்தான் காற்று உள்ளே போயிருக்கிறது. காற்று போகாமல் எஞ்சினுக்கு டீசல் எப்படி வரும்?

இப்போதெல்லாம் கண்ணில் படும் துளையில் எல்லாம் குண்டூசி செருகிவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடுகிறேன். அந்த மூடிக்கு மட்டும் பெயின்ட்டே கிடையாது.