அக்காவின் முதுகு

இரண்டு வருஷமாக எனக்குக் கூன் விழுந்திருக்கிறது. வயசானால் எலும்பு உளுத்துப்போகும், முதுகு தானாக வளையும் என்று டாக்டர் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். என் வயசுக்கு அது நியாயம்தான். என் அக்காவுக்குப் பதினாலு வயசில் வளைந்தது. அதில் எனக்கு இருந்த பங்கை யாரிடமும் சொன்னதில்லை. ஐந்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் பேச வராது. எழுதியாவது வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் இருந்தோம். அக்கா பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். "மாரை நிமிர்த்திண்டு நடக்கப்படாதுடி. குனிஞ்ச தலை நிமிராம போகணும்" என்பாள் அம்மா. அக்கா அப்படியே நடந்தாள். கோயிலுக்குப் போகிற வழியில் மாமிகள் நின்று பார்ப்பார்கள். "பொண்ணுன்னா இப்படின்னா இருக்கணும்! பின்னால வரதே, அது கொடிமரமாட்டம்."

கொடிமரம் நான்தான். பொறாமையில் நானும் தோளைக் குறுக்கிக்கொண்டு கிணற்றடியில் நடந்து பழகினேன். "நனைஞ்ச கோழி மாதிரி இருக்கேடி" என்று அக்கா சிரித்தாள். சிரிக்கும்போதே விலாவைக் கையால் அழுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை தோறும் அவள் முதுகில் நான்தான் எண்ணெய் தேய்ப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே முதுகுத்தண்டில் புளியங்கொட்டை போல ஒன்று கையில் தட்டுப்பட்டது. அழுத்தினேன். அக்கா பல்லைக் கடித்தாள்.

"என்னக்கா இது?"

"ஒண்ணுமில்லை. குடம் தூக்கினது."

"அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாதேடி. தென்னூர்லேர்ந்து பெண் பாக்க வரா. முதுகுல கட்டின்னு தெரிஞ்சா எனக்கும் ஆகாது, அப்புறம் உனக்கும் ஆகாது. பெருமாள் மேல சத்தியமா சொல்லாதே."

நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு எப்போதும் சுலபம்.

அது வளர்வது என் கைக்கு மட்டும் தெரிந்தது. புளியங்கொட்டை நெல்லிக்காய் ஆயிற்று. கீழே ஏதாவது விழுந்தால் அக்கா குனிந்து எடுக்கமாட்டாள். தொடையில் கையை ஊன்றி, முதுகை அசைக்காமல் மெல்லக் குந்தி எடுப்பாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று இருக்கும்.

தென்னூர்க்காரர்கள் வந்தபோது தாம்பாளத்திலிருந்து ஒரு கொட்டைப்பாக்கு உருண்டது. அக்கா அப்படிக் குந்தித்தான் எடுத்தாள். பிள்ளையின் தாயார் பூரித்துப்போனாள். "என்ன அடக்கம்! எங்காத்துக்கு இப்படி ஒரு மாட்டுப்பெண்தான் வேணும்." அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்கா ஜெயித்துவிட்டாள் என்று எனக்கும் சந்தோஷம்தான்.

தையில் கல்யாணம் என்று பேச்சு. மார்கழியில் ஒரு காலை, காவிரியில் அம்மாமண்டபப் படித்துறையில் குளித்துவிட்டு எழுந்தபோது அக்காவின் கால் இரண்டும் மடங்கிக்கொண்டன. "கால் எங்கே இருக்குன்னே தெரியலைடி" என்றாள். நான் வீட்டுக்கு ஓடினேன். அப்பா ஜட்கா பிடித்து வந்தார். அவளைப் படுக்கவைத்து, காவிரிப் பாலம் தாண்டித் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் முதுகைத் தடவிப் பார்த்தார். "எலும்புல க்ஷயரோகம்மா. எலும்பை அரிச்சு, அது நொறுங்கி நரம்பை அழுத்துது. எத்தனை நாளா இருக்கு?"

"இன்னிக்குக் காலம்பறதான்" என்றாள் அம்மா.

"அஞ்சாறு மாசமாவது இருக்கும். ஆரம்பத்துலயே மாவுக்கட்டுப் போட்டு அசையாம படுக்க வெச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. வீட்டுல ஒருத்தர் கூடவா பார்க்கலை?"

நான் கதவோரம் நின்றிருந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். "யாருக்கும் தெரியாது டாக்டர். நான்தான் மறைச்சுட்டேன்."

தென்னூரிலிருந்து அப்புறம் யாரும் வரவில்லை. எட்டு மாசம் மாவுக்கட்டில் கிடந்தாள். வெள்ளிக்கிழமைகளில் தேய்க்க முதுகு இல்லை. பாதத்தில் எண்ணெய் தேய்ப்பேன். "தேய்க்கறியாடி?" என்று கேட்பாள். தேய்த்துக்கொண்டுதான் இருப்பேன். ஆவணியில் மூச்சுத் திணறிப் போய்விட்டாள்.

க்ஷயம் என்று டாக்டர் சொன்னதை அம்மா நம்பவே இல்லை. "நான்தான் குனி குனின்னு சொல்லி என் குழந்தை முதுகை ஒடிச்சேன்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். "இல்லைம்மா, அது வியாதி. எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும்" என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. அதையும் சொல்லவில்லை.

நான் பெரியவளானபோது அம்மா என்னைக் குனியச் சொல்லவில்லை. எதிரே மாமிகள் வந்தாலும் சரி, "நிமிர்ந்து நடடி" என்று பின்னாலிருந்து முதுகில் கை வைப்பாள். அந்தக் கை இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே போய், கொஞ்ச நேரம் அங்கேயே தடவித் தடவிப் பார்க்கும்.