பிரசவ வார்டு வாசலில் எங்கள் ஆள்

நெட்டப்பாக்கத்துக் கரும்புக் கொல்லையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். மேஸ்திரி ஒரு அறை விட்டார், நான் வெட்டுக்கத்தியை வரப்பில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அறை வாங்குவது எனக்குப் புதிதில்லை. ஒரே இடத்தில் மூன்று வாரம் தங்கியதுதான் புதிது. பாதி வழியில் செருப்பு அறுந்தது. வெறுங்காலோடு குருவிநத்தம் வந்து சேர்ந்தபோது உச்சி வெயில்.

அங்கே ஆற்றங்கரையில் எங்கள் இருளர் குடியிருப்பில்தான் அக்கா வீடு. அவள் மகளுக்கு அது நிறைமாதம். முதல் பிள்ளையை வீட்டிலேயே பெற்றாள். பிள்ளை தங்கவில்லை, அவள் பிழைத்ததே பெரும்பாடு. இந்த முறை ஆஸ்பத்திரிக்குப் போ என்று எல்லோரும் சொல்லியும் அவள் அசையவில்லை.

அன்று குடியிருப்பின் நடுவே சுகாதாரத் துறைக்காரர்கள் பந்தல் போட்டு பேனர் கட்டியிருந்தார்கள். ஒன்பதாவது வரை போனவன் என்று என்னைப் படிக்கச் சொன்னார்கள். ‘பழங்குடியினருக்கு அவர்தம் பண்பாட்டுக்கு இசைந்த மருத்துவச் சேவை’ என்று படித்தேன்.

“அப்டின்னா இன்னா மாமா?” என்றாள் அக்கா மகள்.

“நம்ம பழக்கத்துக்குத் தக்கன வைத்தியம் பாப்பாங்களாம்.”

“அப்ப அதுங்க யாரு?”

பந்தலுக்குப் பின்னால் ஆறு பையன்கள் இடுப்பில் இலையும் தலையில் கோழி இறகும் முகத்தில் சுண்ணாம்புமாகக் கூச்சத்தோடு நின்றிருந்தார்கள். எங்கள் மனம் குளிரட்டும் என்று, முகாம் நடத்த வந்த அதிகாரி டவுனிலிருந்து வேனில் ஏற்றி வந்த நடனக்குழு. எங்களில் யாரும் அப்படி உடுத்தி நான் பார்த்ததில்லை. என் தாத்தாவே டவுசர்தான் போட்டிருப்பார். அக்கா உள்ளே போய்த் தன் புருஷனின் லுங்கியை எடுத்து வந்தாள்.

“எந்த ஊரு புள்ளைங்களோ, பாவம். கட்டிக்கோ கண்ணு.”

முன்னால் நின்ற பையன் வாங்கி உடனே கட்டிக்கொண்டான். மற்ற ஐந்து பேரும், “எங்களுக்கு இல்லையா ஆன்ட்டி?” என்றார்கள். நடனம் அத்தோடு முடிந்தது.

அதிகாரி நல்ல மனிதர். முகம் தொங்கிப்போய் உட்கார்ந்துவிட்டார். கூட வந்த நர்ஸம்மாதான் நேராக அக்கா மகளிடம் கேட்டார்.

“ஆஸ்பத்திரிக்கு வர உனக்கு இன்னாம்மா பிரச்சனை?”

“கயித்த அறுத்துடுவீங்க.”

வயிற்றில் பிள்ளை தங்கினால் எங்கள் தெய்வம் கன்னியம்மாளை வேண்டி இடுப்பில் மஞ்சள் கயிறு கட்டுவது எங்கள் குடியிருப்பில் வழக்கம். பிள்ளை பிறந்த பிறகு அம்மாளைக் கேட்டுத்தான் அவிழ்ப்போம். பக்கத்து வீட்டுப் பெண் பிரசவத்துக்குப் போன இடத்தில் அதை அழுக்கு என்று கத்தரித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார்கள்.

“அவ்ளோதானா? நான் தொடல.”

“நீங்க தொட மாட்டீங்க. அடுத்த டூட்டிக்கு வர்றவங்க?”

நர்ஸம்மா அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி நிமிர்ந்து, “உங்க வழக்கப்படி இத யார் முடிவு பண்ணுவாங்க?” என்றார்.

“கன்னியம்மாளத்தான் கேக்கணும்” என்றார்கள்.

“தாராளமா கேளுங்க.”

தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரியவில்லை. கற்பூரம் ஏற்றியதும் அம்மாள் அக்கா மேல் வந்து இறங்கினாள். அதற்குப் பிறகு அக்கா எனக்கே அக்கா இல்லை.

“டேய்! எம்புள்ள உள்ள போனா எங்காளு ஒருத்தன் வாசல்ல இருக்கணும்டா! டூட்டி மாற மாற கயித்தத் தொடாதன்னு சொல்லணும்டா!”

அதிகாரி கைகூப்பி எழுந்தார். “அம்மா, அதுக்கு மேலதிகாரியக் கேக்கணும்.”

“எனக்கு மேல எவன்டா அதிகாரி?”

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி அவசரமாகச் சுற்றறிக்கையைப் புரட்டினார். அதில் உண்மையிலேயே ஒரு வரி இருந்தது: அந்த மக்களிலேயே எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரை மருத்துவமனையில் உதவியாளராக வைத்துக்கொள்ளலாம். அந்தத் தாள் எத்தனை நாளாக அவர் பையில் கிடந்ததோ, இலைக்கும் இறகுக்கும் அலைந்தவருக்கு இந்த வரி கண்ணில் படவில்லை.

“படிச்சவங்க யாரு இருக்கீங்க?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆற்றைப் பார்த்தேன்.

“ஒரு எடத்துல உக்காந்து பழக்கமில்லீங்க. அதுவும் பொம்பளைங்க வார்டு.”

அம்மாள் என் பக்கம் திரும்பினாள். “ஓடுனா கால ஒடிப்பேன்டா.”

அது அம்மாள் சொன்னதா அக்கா சொன்னதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அக்கா மகள் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள். “நீ இருப்பியா மாமா? இருந்தா போறேன்.”

நான் தலையாட்டியதும் அதிகாரி அங்கேயே என்னை உதவியாளர் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலையில் அவளுக்கு வலி கண்டது. ஆட்டோவில் கூட்டிப் போனோம். அவள் உள்ளே போனதும் பிரசவ வார்டு வாசலில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். வாட்ச்மேன் வந்து, “யாரு புருஷன்யா நீ?” என்றார்.

“யாருக்கும் இல்லீங்க. வேலைக்கு வந்திருக்கேன்.”

எட்டு மணிக்கு டூட்டி மாறியது. புதிதாக வந்த நர்ஸைக் கண்டதும் எழுந்து நின்றேன். “உள்ள எங்க பொண்ணு இடுப்புல ஒரு கயிறு இருக்குதுங்க. அத அறுக்கக் கூடாது.”

“யார் சொன்னது?”

“அதிகாரி சொன்னாருங்க” என்று தாளை நீட்டினேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கன்னியம்மாளை இழுக்க வேண்டாம் என்று தோன்றியது.