கை நனைத்த காப்பி

பத்தாவது வரை படித்துவிட்டு வண்டி ஓட்டப் போனவன் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுவேன். எழுதத் துணிந்ததை, ஊரில் இருப்பவர்களும் என்னைப் போல வெளியில் இருப்பவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஓமனில் காப்பிக் குவளைக்குக் கைப்பிடி கிடையாது. நிறைய ஊற்றவும் மாட்டார்கள், அடி மறைகிற அளவுதான். 2004இல் போன புதிதில், பம்பு விற்கும் என் முதலாளியை நிஸ்வாவுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பேரீச்சந்தோப்புக்காரர் ஒருவர் கம்பளத்தில் எங்களை உட்காரவைத்து கஹ்வா என்னும் அவர்கள் ஊர்க் காப்பியை ஊற்றினார். பால் இல்லை, சர்க்கரை இல்லை. ஏலக்காய் மணக்கும் இளமஞ்சள் நீர். குடித்து வைத்தேன், மறுபடி ஊற்றினார். போதும் என்று நம் ஊர் வழக்கப்படி தலையை ஆட்டினேன். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். ஒன்பது குவளை ஆயிற்று. கடைசியில் முதலாளி தன் காலிக் குவளையை இரண்டு விரலில் பிடித்து இடமும் வலமும் ஆட்டிக் காட்டினார். அப்படி ஆட்டினால்தான் போதும் என்று அர்த்தமாம். முதல் குவளையை வேண்டாம் என்பதோ வீட்டுக்காரரை அவமதிப்பது.

அதன்பின் எல்லா ஊரும் எனக்குக் குவளை வழியாகத்தான் வந்தது. சூரில் உப்பு மோர். ஜபல் அக்தர் மலைமேல் பன்னீர் வாசம் அடித்த காப்பி. ஸலாலா போகும் வழியில், கறந்த சூட்டோடு ஒட்டகப் பால். ஸலாலாவில் தூறலில் நின்று ஒரு வங்காளி இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினேன். மூடியிருந்த நேரமெல்லாம் என் ஊர் கடலூர் முதுநகரில் இருந்தேன், மீன் வாடையோடும் ரயில் கூவலோடும். திறந்தபோது பனிமூட்டத்துக்குள் ஒட்டகங்கள் போய்க்கொண்டிருந்தன.

2009இல் விடுப்பில் வந்தபோது மகள் கவிதாவுக்குச் சிதம்பரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தான். அவர்கள் வீட்டைப் பார்த்துவர நானும் என் மனைவியின் தம்பி செல்வமும் கிளம்பினோம். செருப்பு மாட்டும்போது கவிதா வந்து நின்றாள்.

"அப்பா, நான் இன்னும் சரின்னு சொல்லல. அங்க கை நனைச்சிட்டு வந்துடாதீங்க."

பேச்சு முடியாத வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்தாலும் எங்கள் பக்கம் அது சம்மதம். அதன்பிறகு பெண்ணை யாரும் கேட்க மாட்டார்கள்.

"தண்ணிகூடத் தொட மாட்டேம்மா" என்றேன்.

அந்த வீட்டுக் கூடத்தில் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. வெயில் தரையில் கட்டமாக விழுந்து கிடந்தது. எங்கோ கோயில் மணி. பையனின் அம்மா பித்தளை டம்ளரில் காப்பி கொண்டுவந்து, "சும்மா ஒரு வாய் எடுத்துக்குங்கண்ணே" என்று மரியாதைக்குச் சொன்னார். கசப்பும் புதுப் பாலும் கலந்த அந்த மணம் வந்தது. ஐந்து வருடமாக எந்தக் குவளையையும் மறுக்காத கை தானாக நீண்டது. செல்வம் என் தொடையைக் கிள்ளியபோது டம்ளர் காலி. போதாததற்கு, இரண்டு விரலில் பிடித்து ஆட்டியும் விட்டேன்.

"அடடா, சம்பந்தி இன்னும் கேக்கறாரு பாரு! ஜாஸ்தியாவே ஊத்து" என்றார் பையனின் அப்பா.

"கை நனைச்சிட்டாரு, தாம்பூலத் தட்ட எடுங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார் அந்த அம்மா.

செல்வம் காதருகே குனிந்தான். "மாமா, கவிதாகிட்ட நீங்களே சொல்லிக்குங்க. நான் பஸ்ஸ விட்டே எறங்க மாட்டேன்."

எழுந்து நின்றேன். அத்தனை பேர் முன்னால் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

"அய்யா, குடிச்சது என் பழக்கதோஷம். பொண்ணு இன்னும் சொல்லல. தாம்பூலம் இப்ப வேணாங்க."

"அப்ப எங்க வூட்டுக் காப்பிக்கு என்னா அர்த்தம்?" என்றார் பையனின் அப்பா.

"நல்லா இருந்துச்சுங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை.

திரும்பும்போது வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் மெதுவாக ஊர்ந்தது. வலப்பக்கம் கடலை நோக்கி எல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. மணலா, தண்ணீரா, எந்த நாட்டு வெயில் அது என்று ஒரு கணம் பிடிபடவில்லை. கண்டக்டர், "எங்க எறங்கணும்?" என்று இரண்டு தடவை கேட்டார். டிக்கெட் கையில் இருந்தும் எனக்குப் பதில் வர நேரமாயிற்று. வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கவிதா யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

மறுநாள் காலை அவள் வேண்டாம் என்றாள். நானே சிதம்பரம் போய்ச் சொன்னேன். வாசலில் நின்றபடியே பேசினோம். மத்தியான பஸ்ஸில் முதுநகர் திரும்பினேன்.